பல்லி என்று பேர் வைத்த பிராணிகள்

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறி அரியலூர் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? லால்குடி வரை வாழையும் நெல்லுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. புள்ளம்பாடி தாண்டினால் பச்சை குறைந்து, மண் வெளுத்து, சுண்ணாம்புக்கல் தலைகாட்டும். கல்லக்குடியில் சிமெண்ட் தூசி. 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லிக் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த இடம் என்று எங்கள் வயதுக்காரர்கள் அந்த ஸ்டேஷனைக் காட்டுவார்கள். அரியலூர் என்றால் 1956 மருதையாற்றுப் பால விபத்தும் லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமாவும். ரயில்வேயில் 34 வருஷம் இருந்தவன் நான். அந்தப் பாதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு படிக்கத் தொடங்கியபோதுதான், அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நான் பழைய கடல் ஒன்றின் தரையைக் கடந்துகொண்டிருந்தேன் என்பது புரிந்தது. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே அந்தப் பாறை அடுக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஊட்டத்தூர் அடுக்கு ஏறக்குறைய 10 கோடி வருஷம் பழசு. திருச்சி அடுக்கு 9 கோடி. அரியலூர் அடுக்கு 8 கோடியிலிருந்து 6.6 கோடி வரை வருகிறது. மலைக்கோட்டைப் பாறை இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு பழையது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வெள்ளைக்காரர்களுக்கு இது 1840-களிலேயே தெரியும். கே, கன்லிஃப் என்ற இரண்டு பேர் இங்கே பொறுக்கிய கிளிஞ்சல் கற்களை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு மாட்டு வண்டிப் பாதைகளில் ஊர் ஊராகப் போய் முழு வரைபடம் போட்டார். ஸ்டோலிச்கா என்ற செக் நாட்டு அறிஞர் பல வருஷம் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பிக்கும் நத்தைக்கும் பெயர் வைத்தார். 1874-ல் லடாக் பக்கம் ஒரு பயணத்தில் இறந்துபோனார். கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை மெருகேற்றி 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்று விற்றதும் இந்த அடுக்கிலிருந்துதான்.

சிப்பியும் சுருள் நத்தையும் சரி. நம் ஆத்துப் பூஜை அறைகளில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் அதே மாதிரிப் பிராணியின் அச்சுதான் என்பது பலருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது எலும்புகளைப் பற்றி. அதிலும் மண்டை எலும்பைப் பற்றி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பஞ்சாங்கத்தில் 'பல்லி விழும் பலன்' பார்க்கிற நமக்கு டைனோசர் என்றால் பெரிய பல்லி என்றே மனசில் பதிந்திருக்கிறது. அதற்குக் காரணம் பெயர்தான். கிரேக்கத்தில் 'சௌரோஸ்' என்றால் பல்லி. 1824-ல் பக்லண்டு என்ற பாதிரியார்-பேராசிரியர் ஒரு தாடையைப் பார்த்து 'மெகலோசாரஸ்', அதாவது பெரும்பல்லி, என்றார். 1842-ல் ரிச்சர்ட் ஓவன் அந்தக் கூட்டத்துக்கே 'பயங்கரப் பல்லி' என்று பொருள்படும்படி டைனோசர் என்று பெயர் சூட்டினார். உண்மையில் டைனோசருக்கு நெருங்கிய சொந்தம் முதலையும் பறவையும். பல்லி தூரத்துப் பங்காளி. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் ஊரில் வழக்கறிஞர் ஆனவரையும் கடைசிவரை 'மளிகைக்கடை மாமா பிள்ளை' என்றே சொல்வதில்லையா, அந்த மாதிரி.

நிஜமாகவே பல்லி இனத்தைச் சேர்ந்த ஒரு ராட்சதனின் மண்டையோடு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாலந்தில் மாஸ்ட்ரிக்ட் என்ற ஊர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்தது. நீளத் தாடை, கத்தி கத்தியாகப் பல். ஒருவர் முதலை என்றார். பீட்டர் காம்பர் என்ற பெரிய உடற்கூறு நிபுணர் திமிங்கிலம் என்றார். 1794-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபோது, அந்த மண்டையோட்டைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்களுக்கு 600 பாட்டில் ஒயின் என்று அறிவித்ததாக ஒரு கதை உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. பாரிஸுக்குப் போன மண்டையோட்டைக் குவியே ஆராய்ந்தார். அதற்கு முன்பே காம்பரின் மகன் ஆட்ரியான், அப்பா சொன்னது தப்பு, இது உடும்புக்குச் சொந்தம் என்று எழுதிவிட்டார். அண்ணத்து எலும்பிலும் பல் இருந்தது அவர் கண்ணில் பட்ட தடயங்களில் ஒன்று. முதலைக்கும் திமிங்கிலத்துக்கும் மேலண்ணத்தில் பல் கிடையாது. சில பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் உண்டு. குவியேயும் 1808-ல் மகன் பக்கமே தீர்ப்புச் சொன்னார். இன்று அதற்கு மோசசாரஸ் என்று பெயர். அப்பாவின் தப்பை மகன் அச்சில் திருத்திய அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. மாஸ்ட்ரிக்ட் ஊரின் பெயரை ஒரு காலப் பகுதிக்கே வைத்தார்கள். நம் அரியலூர் அடுக்கின் மேல்பகுதியும் அதே காலம்தான்.

மண்டை எலும்பை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? நானும் முதலில் இது ஜோசியம் மாதிரிதான் என்று நினைத்தேன். ஆனால் அதில் ஒழுங்கு இருக்கிறது. கண் குழிக்குப் பின்னால், தாடைத் தசை இருக்கும் இடத்தில், எத்தனை ஓட்டை என்று பார்க்கிறார்கள். ஆமைக்கு அந்த ஓட்டை கிடையாது. முதலைக்கும் டைனோசருக்கும் பக்கத்துக்கு இரண்டு. கடலில் நீந்திய நீண்ட கழுத்து ப்ளீசியோசாருக்கு மேலே ஒன்று. பல்லிக்கும் ஆதியில் இரண்டு இருந்தது. கீழ் ஓட்டைக்கு அடியில் இருந்த எலும்புச் சட்டம் போய்விட்டது. சட்டம் போனதால் தாடை தொங்கும் கீல் எலும்பு தளர்ந்து முன்னும் பின்னும் ஆடும். பாம்பு அதை இன்னும் தளர்த்திக்கொண்டதால்தான் தன் தலையைவிடப் பெரிய தவளையை விழுங்குகிறது. பிறகு பல். முதலைக்கும் டைனோசருக்கும் பல் தனித்தனிக் குழியில் நட்டிருக்கும். பல்லிக்குத் தாடை விளிம்பில் ஒட்டவைத்தது போல இருக்கும். அதற்கப்புறம் நரம்பும் ரத்தக் குழாயும் போகிற சின்னச் சின்னத் துளைகள், எலும்பும் எலும்பும் சேரும் தையல் கோடுகள். ஒரு விரல் நீளத் துண்டு போதும், விஷயம் தெரிந்தவர் குடும்பத்தைச் சொல்லிவிடுவார். தொடை எலும்பும் முதுகெலும்பும் அவ்வளவு பேசாது. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிற்கும் பாராபாசாரஸ் என்ற பெரிய எலும்புக்கூட்டுக்கு உடம்பெல்லாம் கிடைத்தும் தலை கிடைக்காததை இன்றும் குறையாகத்தான் சொல்கிறார்கள்.

இனி நம் ஊர்க் கதை. 1979-ல் ஜியாலஜிகல் சர்வேயைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரியலூர்ப் பக்கம், திருச்சி அடுக்கில், சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மண்டையோட்டின் பகுதி, ஒரு பல், இடுப்பு எலும்புகள், முதுகுத் தகடு, ஒரு முள். முதுகில் தகடு வரிசை வைத்த ஸ்டெகோசாரஸ் குடும்பத்துப் பிராணி என்று முடிவு கட்டினார்கள். பெயர் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. திராவிட நாட்டுப் பல்லி! 1979-ல் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது 15 கோடி வருஷத்துக்கு முன். அந்தக் குடும்பமே அதற்குப் பிறகு சில கோடி வருஷங்களில் மற்ற இடங்களில் ஓய்ந்துபோனது. நம் திருச்சி அடுக்கோ 9 கோடி. உலகம் முழுக்க மறைந்த ஒரு குடும்பம், கடலில் தனியாக மிதந்துகொண்டிருந்த இந்தியத் துண்டில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது என்று ஆகிறது. பாடப் புத்தகங்களில் உடனே ஏறியது.

1990-களில் சங்கர் சாட்டர்ஜி என்பவர் அந்த இடத்துக்குப் போனார். கல்கத்தாவில் படித்து, டெக்சாஸில் பேராசிரியராக இருந்தவர். அவர் கண்ணில் பட்டதெல்லாம் கடல் பிராணியான ப்ளீசியோசாரின் எலும்புகள். அடுக்கும் கடல் அடுக்கு. கூடக் கிடைப்பதும் கடல் நத்தைகள். ஆகவே 1996-ல் எழுதும்போது, திராவிடோசாரஸ் என்பதே தேய்ந்துபோன ப்ளீசியோசாரின் இடுப்பும் பின்கால் எலும்பும்தான் என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள். இது எந்தப் பிராணியின் தலை என்ற சண்டை இல்லை. இது தலையா, இடுப்பா என்பதே சண்டை!

படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் சிரிக்க ஒன்றுமில்லை. ஒன்பது கோடி வருஷம் மண்ணுக்குள் நசுங்கி, கரைந்து, ஓடையில் வெளியே வந்து வெயிலிலும் மழையிலும் விரிசல் விட்ட எலும்பு அது. தையல் கோடெல்லாம் அழிந்திருக்கும். பிளவு எது, கண் குழி எது என்று பிரிப்பது சுலபமில்லை. 2004-ல் ஸ்டெகோசாரஸ் நிபுணரான பீட்டர் கால்ட்டனும் பால் அப்சர்ச்சும், அந்த மண்டையும் தகடும் ப்ளீசியோசாருடையவை அல்ல, மறுபடி முறையாக விவரிக்க வேண்டும் என்று எழுதினார்கள். வழக்கு இன்னும் தள்ளிவைக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கேட்டால், சாட்டர்ஜி சொன்ன 'கடல் அடுக்கு' வாதம் மட்டும் போதாது. ஆற்றில் செத்த மாடு கடலுக்குப் போவதில்லையா? கொள்ளிடம் வெள்ளத்தில் எதெதுவெல்லாம் மிதந்து போகும் என்று பார்த்து வளர்ந்தவன் நான்.

அதே சாட்டர்ஜி கைபட்ட இன்னொரு எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். அரியலூரிலிருந்து சிறிது தூரத்தில் கல்லமேடு. கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் அங்கே. அதில் ஆமை எலும்புகள் கிடைத்தன. 2001-ல் காஃப்னி என்ற அமெரிக்க ஆமை நிபுணரும் சாட்டர்ஜியும் ருத்ராவும் அதற்கு வைத்த பெயர் கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ். கூர்மாவதாரத்திலிருந்து வந்த பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே மண்டையோடு நன்றாகவே கிடைத்தது. காது அறையும் மண்டையின் அடிப்பக்கத் துளைகளும் தெளிவாக இருந்ததால் குடும்பத்தைச் சொல்வதில் தகராறே வரவில்லை. தலையை உள்ளே இழுக்காமல் கழுத்தைப் பக்கவாட்டில் மடிக்கும் ஆமை இனம் அது. இன்று அந்த இனம் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் உண்டு, இந்தியாவில் கிடையாது. இதன் நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரின் பழைய பாறைகளில் கிடைத்திருக்கிறது. அதே கல்லமேட்டில் 2013-ல் எடுத்த சில முதலைப் பற்களுக்கும் சொந்தம் மடகாஸ்கரில்தான். இரண்டு நிலமும் ஒட்டியிருந்து பிரிந்ததற்கு இப்படி ஒரு ஆமை மண்டையும் நாலு பல்லும் சாட்சி.

கல்லமேட்டின் பெரிய கதை இது இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மாட்லி என்ற ஆங்கிலேயர் 1929-லேயே திருச்சி ஜில்லா டைனோசர்களைப் பற்றி அறிக்கை எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் சேர்த்து, 1980-களின் பிற்பகுதியில் அதே யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு புதுப் பிராணியை அறிவித்தார்கள்: பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி. பிருஹத் காயம், பேருடல். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். நம் உயரத்தைவிட அதிகம். தொடை எலும்பின் முனை 75 சென்டிமீட்டர் அகலம். இடுப்பு எலும்பு 1.2 மீட்டர். முதலில் அதை மாமிசம் தின்னும் டைனோசர் என்றார்கள். அவ்வளவு பெரிய மாமிச பட்சிணி இருக்க முடியாது, இது நீண்ட கழுத்துத் தாவர பட்சிணி என்று பின்னால் மற்றவர்கள் திருத்தினார்கள். அந்த அளவு சரியென்றால் 100 டன்னுக்கு மேல் எடை. தரையில் நடந்த மிருகங்களிலேயே மிகப் பெரியது, நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடக்கூடியது, நம் அரியலூர்ச் சீமையில் நடந்தது.

சரியென்றால்! ஏனென்றால் எலும்பு இல்லை.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் கேட்டார்கள். கட்டுரையில் இருந்தது கோட்டுப் படங்கள்தான். தலை எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு பல்கூட இல்லை. அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகமும் அநியாயம் என்று சொல்ல முடியாது. அதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடக்கிறதே. 2017-ல் கால்ட்டனும் அய்யாசாமியும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் விஷயம் வெளியே வந்தது. எலும்புகள் ஆபீசுக்குப் போய்ச் சேரும் முன்பே நொறுங்கிவிட்டனவாம். களி மண்ணில் கிடக்கும் எலும்பு வெளியே எடுத்தால் காய்ந்து வெடிக்கும், மழை பட்டால் கரையும். கை கால் முறிந்தவனுக்குப் போடுகிற மாதிரி மாவுக்கட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். அந்தக் கட்டுக்குள்ளும் உதிர்வது உண்டு. இரண்டு மீட்டர் எலும்புக்கு எத்தனை கட்டு போட முடியும், எந்த லாரியில் ஏற்ற முடியும், அந்தக் காலத்து ஓடைப் பாதையில்? யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

2022-ல் பாலும் அய்யாசாமியும் 'காவிரியின் தொலைந்த ராட்சதன்' என்ற பொருள்படும் தலைப்பில் மறுபடி எழுதி, அகழ்ந்தபோது எடுத்த பழைய போட்டோக்களை வெளியிட்டார்கள். மரமில்லை, எலும்புதான் என்று பலர் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, எலும்பு போய், போட்டோ சாட்சி சொல்கிறது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காரணம் எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி.

1981 அல்லது 82 இருக்கும். என்னோடு வேலை பார்த்த அரியலூர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து வரும்போது ஒரு கல் கொண்டுவந்து கொடுத்தார். முழங்கை நீளம், பழுப்பு நிறம், ஒரு பக்கம் உருண்டை, உடைந்த பக்கம் தேன்கூடு மாதிரிப் பொடிப் பொடித் துளைகள். 'வித்தியாசமா இருந்துச்சு சார், உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே' என்றார். கொஞ்ச நாள் ஷோகேஸில் இருந்தது. பிறகு என் மனைவி மாவடு ஜாடித் தட்டின் மேல் பாரம் வைக்க எடுத்துக்கொண்டாள். பிறகு பின்கட்டுக் கதவுக்கு முட்டு. 2003-ல் வீட்டை இடித்துக் கட்டியபோது ஜல்லியோடு ஜல்லியாகப் போயிற்று. எந்த அஸ்திவாரத்தில் கிடக்கிறதோ.

கல்மரம் என்றால் உடைந்த முனையில் வளையமோ நீளவாட்டு இழையோ தெரியும். எலும்பு என்றால் வெளியே கெட்டியாக, உள்ளே தேன்கூடாக இருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. காட்டில் அலையும் ஜியாலஜிக்காரர்கள் இன்றும் செய்வது. நாக்கில் வைத்தால் சாதாரணக் கல் வழுக்கும், துளை நிறைந்த பழைய எலும்பு ஒட்டிக்கொள்ளும். இருபது வருஷம் என் வீட்டில் இருந்தது. ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

எல்லா உருண்டைக் கல்லும் புதையல் என்றும் சொல்லவில்லை. 2020-ல் பெரம்பலூர்ப் பக்கம் குன்னத்தில் ஏரி வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்து, 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸப்பில் எனக்கே பதினைந்து பேர் அனுப்பினார்கள். பார்த்தவர்கள், சுருள் நத்தையைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள் அவை என்று விளக்கினார்கள். என்னுடையதும் அப்படி ஒன்றுமில்லாததாக இருக்கலாம். இருந்தாலும் அந்தத் தேன்கூட்டுத் துளைகள் கண்ணுக்குள் இருக்கின்றன.

போன மாதம் அந்த நண்பருக்குப் போன் செய்தேன். எண்பது தாண்டிவிட்டார், காது மந்தம். கல்லைப் பற்றிக் கேட்டதும் உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"அதா? வெச்சிருக்கீங்களா சார் இன்னும்?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கே எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஏதோ சிமெண்ட் குவாரியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"குவாரி இல்லீங்க. எங்க மச்சான் கொல்லைக்குப் பக்கத்துல ஒரு ஓடை. கல்லமேட்டுப் பக்கம். அது மாதிரி நெறையக் கெடந்துச்சு. வேற ஒண்ணு இதவிடப் பெருசு, ரெண்டு பேரு தூக்கணும். அத வுட்டுட்டு வந்துட்டேன்."

இப்போது அந்த ஓடை எப்படி இருக்கிறது என்றேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதாம். மச்சான் மகன் நிலத்தைக் கொடுத்துவிட்டு அரியலூரிலேயே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டானாம். தை பிறந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு நாள் வாருங்கள், பேரன் பைக்கில் கூட்டிப்போவான் என்றார். காலைப் பாசஞ்சருக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டு, வாரணவாசி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். மனைவியிடம் இன்னும் ஓடை விஷயத்தைச் சொல்லவில்லை.